ஆறு கிட்டார் இங்கே, ஒன்று கந்தளாயில்

லிங்கநகர், திருகோணமலை
06.02.2025

ஸப்வான்,

உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். எடுத்துவிட மனம் வரவில்லை. எடுத்தாலும், வட்ஸ்அப்பில் எழுதியதை நீ பிறகு அழித்துவிடலாம். தாளில் எழுதினால் அழிக்க ஏலாது. அதனால் தபால்.

விஷயம் இதுதான். நாங்கள் செய்த ஏழு கிட்டார்களில் ஆறு இங்கே கொட்டிலில் கிடக்கின்றன. விற்றவற்றையும் வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வருத்தம். தந்தி கட்டி மூன்று மாதத்தில் முன்பலகை வயிறு ஊதுகிறது. தந்தியைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் முன்னால் சரிகிறது. கழுத்து மடங்குகிறது. ஏழாவது மட்டும் பத்தே நாளில் போனது. நாலாவதை நீ கந்தளாய்க்குக் கொண்டுபோனாய். அதன் நிலை எனக்குத் தெரியாது.

ஆறையும் அறுத்துத் திறக்கப் போகிறேன். ஒவ்வொன்றின் உள்ளேயும் இரண்டு பேரும் பென்சிலால் கையெழுத்து வைத்திருக்கிறோம், ஒருவர் இல்லாமல் மற்றவர் திறப்பதில்லை என்று. சின்னப்பிள்ளைத்தனம். ஆனாலும் கையெழுத்து. உன் சம்மதம் வேண்டும்.

மட்டக்களப்பில் சுலோஜனா என்று ஒரு சங்கீத ரீச்சர். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. கடையில் விற்கும் எந்தக் கிட்டாரும் அவருக்குச் சரிவரவில்லை. கழுத்து ஒடுக்கமாக ஒன்று செய்து தரச்சொல்லிக் கேட்கிறார். மார்ச் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும்.

போன ஜூலையில் மேடையில் பாட்டின் நடுவே ஏழாவதின் பிரிட்ஜ் பிய்ந்து பறந்தது. நீ மைக்கைப் பிடித்துச் சொன்னாய்: "ரிஷிட கை அப்பிடி. பலகையைச் சீவிச் சீவி அப்பளமாக்கிப் போடுவான்." சபை சிரித்தது. அன்றிலிருந்து நான் உளி தொடவில்லை.

பிழை என் கையில் என்றால் ரீச்சருக்கு இல்லை என்று எழுதிவிட்டு, தச்சு ஆயுதங்களை அபூதாஹிர் நானாவிடம் கொடுத்துவிடுவேன். கப்பல் பலகை தந்தவர் அவர்தானே, எடுப்பார். பிழை வேறெங்காவது என்றால் செய்வேன். திறந்தால் தெரிந்துவிடும்.

ஓம் என்று ஒரு வரி போதும்.

ரிஷிகேசன்


கந்தளாய்
12.02.2025

அன்பின் மச்சான் ரிஷிக்கு,

உன் கடிதம் மாமாட தளபாடக் கடைக்கு வந்தது. மாமா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருடா இந்தக் காலத்தில உனக்குக் கடிதம் போடுற பொம்புள?" என்று கேட்டார். "பொம்புள இல்ல மாமா, அதைவிடக் கரைச்சல்" என்றேன். கடையில் நாலு பேரும் சிரித்து முடிய அரை மணி நேரம்.

நான் இங்கே கட்டிலும் அலுமாரியும் செய்கிறேன். நல்ல வேலை. கட்டில் பாடாது, ஆகவே யாரும் திருப்பிக் கொண்டுவருவதில்லை.

மேடையில் சொன்னதற்கு மன்னித்துக்கொள். வாய் முந்திவிட்டது. அதை நீ இவ்வளவு நாள் வைத்திருப்பாய் என்று நினைக்கவில்லை.

திறக்கிற விஷயம். வேண்டாம் மச்சான். என்னிடம் யோசனை இருக்கிறது, கேள். தங்கச்சி றம்ஸியா கிண்ணியாவில் முன்பள்ளி நடத்துகிறாள். தந்தியைக் கழற்றிவிட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் தட்டி விளையாடும். இல்லையென்றால் உப்புவெளிப் பக்கம் ஏதாவது ஹோட்டலுக்குக் கொடு, சுவரில் மாட்டுவார்கள், வெள்ளைக்காரன் படம் பிடிப்பான். அதுவும் பிடிக்காவிட்டால் எல்லாவற்றையும் எனக்கு அனுப்பு, மணிக்கூடு பொருத்தி விற்கிறேன். ஒன்றுமே இல்லையென்றால் வைக்கோல் போட்டு வை. கோழி முட்டையிடும்.

எதையும் செய். வாள் மட்டும் வைக்காதே. மௌத்தானதைக் கிழித்துப் பார்ப்பது எங்கள் ஆட்களுக்கு ஆகாது, உனக்குத் தெரியும்.

நாலாவது சுகமாக இருக்கிறது. அம்மாவுக்கு என் ஸலாம்.

ஸப்வான்


லிங்கநகர்
17.02.2025

ஸப்வான்,

ஓம் என்று நீ எழுதவில்லை. ஏன் வேண்டாம் என்றும் எழுதவில்லை. நாலு யோசனை எழுதியிருக்கிறாய். மூன்றில் கிட்டார் என் வீட்டைவிட்டு வெளியே போகிறது. நாலாவதில் அதன்மேல் கோழி இருக்கிறது.

கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். பகிடிகளை நீக்கிவிட்டு வாசித்தால் மிஞ்சுவது ஒரே வசனம். திறக்காதே.

நாலாவது சுகம் என்றால் தந்தி கட்டியபடியா, கழற்றியபடியா? ஏழு மாதத்தில் பிரிட்ஜ் அசையவே இல்லையா? ஒரே கொட்டில், ஒரே பலகை, ஒரே கை. ஆறு போய்விட்டன. ஒன்று மட்டும் ஏன் போகவில்லை?

அதற்குப் பலகை தெரிந்தெடுத்தவன் நீ. அபூதாஹிர் நானாவின் பலகை யாட்டில் மத்தியானம் முழுக்க நின்று தட்டித் தட்டிப் பார்த்து எடுத்தாய். நல்லதை உனக்கென்று ஒதுக்கினாயா? அப்படியென்றால் அதைச் சொல். தாங்கிக்கொள்வேன்.

ரிஷிகேசன்


கந்தளாய்
22.02.2025

ரிஷி,

நீ கடிதம் எழுதவில்லை, வாக்குமூலம் எடுக்கிறாய். தந்தியோடா, தந்தி இல்லாமலா, எத்தனை மாதம், யார் சாட்சி. பொலிஸில் சேர், பெரிய ஆளாக வருவாய்.

நல்ல பலகையை நான் ஒதுக்கவில்லை. வாப்பாவின் மேல் ஆணை என்று எழுத வந்தேன், பிறகு எழுதவில்லை. ஆணையிடாமலே நம்பவேண்டும் நீ.

இங்கே யோசித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். உன் கொட்டிலில் நின்று கல்லெறிந்தால் துறைமுகத்தில் விழும். அங்கே மார்கழி மழையில் அரிசி டின்னுக்குள் உப்புக் கரையும். அந்த ஈரத்தில் ஒட்டிய பலகை பங்குனி வெயிலில் வளையும். இங்கே குளத்துக் காற்று. உலர்ந்த காற்று. நாலாவது அதனால் தப்பியது. பிழை உன் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. கடலில். கடலை யார் என்ன செய்வது?

ஆகவே ரீச்சருக்கு ஓம் என்று எழுது. செய். சித்திரை வெயிலில் பலகையை நன்றாகக் காயவிட்டுச் செய். உன் கையை எனக்குத் தெரியும். ஆனால் பழசைத் திறந்து மனதைக் கெடுத்துக்கொண்டு செய்யாதே. பசை மட்டும் கடையில் புதிதாக வாங்கு. பழைய சட்டியில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடு, நாள்பட்டது.

ஸப்வான்


லிங்கநகர்
03.03.2025

ஸப்வான்,

நேற்று முற்பகல் ஒருவர் சாமான் ஏற்றும் பட்டா வண்டியோடு வந்தார். பெயர் சஜீத் என்றார்.

"தம்பி, இங்க பழுதாப்போன கிட்டார் இருக்காம். ஆறையும் எடுக்கிறன்."

"ஆறு எண்டு ஆர் சொன்னது?"

"ஊரில கதைக்கிறாங்க தானே."

எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரனுக்கே நான் கிட்டார் செய்தது தெரியாது. மேசை செய்கிறேன் என்றுதான் நினைக்கிறான்.

"எதுக்கு?"

"ஹோட்டல் சுவருக்கு. உப்புவெளியில."

அம்மா தேத்தண்ணியோடு வந்தா. "நோன்பு அம்மா" என்றார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே கோப்பையை மறைத்தபடி, எந்தப் பக்கம் தம்பி ஹோட்டல் என்று கேட்டா.

"நிலாவெளி."

"இப்ப உப்புவெளி எண்டியள்?"

"ரெண்டும் ஒரே கடல்தானே அம்மா."

நான் சிரித்திருப்பேன். ஆனால் அவர் கொட்டிலுக்குள் குனிந்து, முதலாவதை எடுத்து, பின்பலகையின் விளிம்பை விரலால் சுற்றித் தடவினார். பிறகு கேட்டார்: "ஒண்டும் இன்னும் திறக்கேல்லத்தானே?"

சுவரில் மாட்டுகிறவனுக்கு அது எதற்கு?

தரமாட்டேன் என்றேன். போகும்போது வண்டியின் பின்பக்கம் பார்த்தேன். ஒரு கட்டிலின் தலைமாடு, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அதில் உன் மாமாவின் கடைச் சீட்டு.

இதுவரை நீ எதையோ சொல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்தேன். இப்போது நீ எதையோ செய்கிறாய்.

உன் கடைசிக் கடிதத்தின் கடைசி வரியையும் மறுபடி பார்த்தேன். கடலில்தான் பிழை என்றால், பசை ஏன் புதிதாக வாங்கவேண்டும்?

ரிஷிகேசன்


கந்தளாய்
08.03.2025

ரிஷி,

ஓம். நான்தான் அனுப்பினேன். சஜீத் நானா கடைக்குச் சாமான் ஏற்றுகிறவர். நல்ல மனிசன், பொய் சொல்லப் பழக்கம் இல்லை, அதனால்தான் இரண்டு ஊர்ப் பெயர் வந்தது. அவர்மேல் கோபிக்காதே.

அந்த ஆறும் உன் கண்முன்னால் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். நோன்பு பிடித்தபடி இதற்குமேல் எழுத முடியவில்லை. தலை இடிக்கிறது.

எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அவ்வளவுதான் என்ற இடம் சரியில்லை. ஆனால் அழிக்கவும் இல்லை. நீ சொன்னது போல, தாள்.

ஸப்வான்


லிங்கநகர்
12.03.2025

ஸப்வான்,

நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் நினைவிருக்கிறதா? உளி எனக்கு. பசைச் சட்டி உனக்கு. நான் சீவித் தருவேன், நீ ஒட்டுவாய். ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தோம்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பித்த மணிப் பசை. மிருகத் தோல் காய்ச்சி எடுத்தது. பழைய கிட்டார்கள் எல்லாம் அதில்தான் ஒட்டினவை என்று வாசித்துவிட்டு நான்தான் பிடிவாதமாக எடுப்பித்தேன்.

நேற்று அம்மாவிடம் சும்மா கேட்டேன். சைவ வீட்டுக் கொல்லையில் தோல் காய்ச்சினோமே, ஒரு வருஷம் எப்படிப் பொறுத்தீர்கள் என்று.

"ஒரு வருஷமோ? ஒரு கிழமை, ஏழு நாள் எண்டு சொல்லு. அந்த ஒரு கிழமை சாமியறைக் கதவைச் சாத்தி வைச்சனான். பிறகு அந்த நாத்தம் வரேல்லையே. தேத்தண்ணி மணம்தான் வந்தது. ரெண்டு பேரும் வேலை செய்யாமல் இருந்து தேத்தண்ணி குடிக்கிறாங்கள் எண்டு நினைச்சன்."

நாங்கள் கொட்டிலில் தேத்தண்ணி குடித்ததில்லை. மரத்தூள் விழும் என்று நீதான் விடமாட்டாய்.

கொரோனா வந்து போன பிறகு எனக்கு மணம் தெரியாது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான். இது அம்மாவுக்குத் தெரியும். உனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

ஒரே கேள்வி. சட்டியில் என்ன இருந்தது?

ரிஷிகேசன்


கந்தளாய்
17.03.2025

ரிஷி,

வெள்ளைப் பசை. தச்சர்கள் அலுமாரிக்குப் பாவிப்பது. நிறம் வரவேண்டும் என்று பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக் கலந்தேன். உன் அம்மாவின் மூக்கை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஏன் என்று கேட்பாய். வாப்பா மௌத்தாகி நாற்பது நாள் இருக்கும். துறைமுகத்தடிக் கடையில் நீ, நான், கம்பஸ் பெடியன்கள். ஜெலி பக்கெற் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் என்ன போட்டிருக்கிறது, ஹலாலா என்று வாசித்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னாய்: "டேய் பாருங்கோடா, ஸப்வான் மௌலவி ஆகிட்டான்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜெலியையும் சாப்பிட்டேன்.

கம்பஸில் கடவுள் இல்லை என்று விவாதம் செய்தவன்தானே நான். வாப்பாவைக் குழியில் இறக்கிய பிறகு என்ன நடந்தது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாமல் தொழ ஆரம்பித்தேன். களவெடுப்பவன் மாதிரி.

அடுத்த கிழமை, பசை விற்றவர்களுக்கு நான் எழுதிக் கேட்டதற்குப் பதில் வந்தது. பெரும்பாலும் பன்றித் தோல் என்று. அதில் ஒரு கிழமை கை வைத்திருக்கிறேன். அன்று பின்னேரம் கிண்ணியாவுக்குப் போய்க் கிணற்றடியில் ஏழு தரம் கை கழுவினேன். ஒரு தரம் மண் போட்டு. உம்மா பார்த்துவிட்டு நாய் நக்கினதா என்று கேட்டா. ஓம் என்றேன்.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ ஏச மாட்டாய். பசையை மாற்றியிருப்பாய். ஆனால் முதலில் சிரித்திருப்பாய். அந்த ஒரு சிரிப்புக்குப் பயந்தேன். உனக்கு மணம் தெரியாது என்பதும் வசதியாக இருந்தது. அதை எழுதக் கூசுகிறது.

வெள்ளைப் பசையும் பிடிக்கும் என்றுதான் நினைத்தேன். மாமா முப்பது வருஷமாக அதில்தான் ஒட்டுகிறார், ஒரு கட்டிலும் விட்டதில்லை. கட்டிலை இரவு பகலாகத் தந்தி இழுப்பதில்லை என்று யோசிக்கவில்லை. தச்சன் வீட்டுப் பிள்ளை விடுகிற பிழை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதுதான் பெரியது. மேடையில் பயத்தில் உன் கையைச் சொன்னேன். பசை என்று எனக்கு அப்போதே சந்தேகம். இங்கே வந்த முதல் கிழமையே நாலாவதைத் திறந்தேன். நீ இல்லாமல். கையெழுத்தை மீறி. எல்லா மூட்டும் வழுகியிருந்தது, வெயிலில் வைத்த சவர்க்காரம் போல. நாலாவது சுகமாக இல்லை. துண்டு துண்டாக என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. உன் கையில் பிழை இல்லை. ரீச்சருக்கு ஓம் என்று எழுது.

ஸப்வான்


லிங்கநகர்
20.03.2025

ஸப்வான்,

பசைக்காகக் கோபம் இல்லை. ஜெலி பக்கெற் எனக்கு ஞாபகமே இல்லை. யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. உனக்கு அவ்வளவு பெரிதாக நடந்தது, எனக்கு நடக்கவே இல்லை.

ஆனால் எட்டு மாதம். காலையில் கண் விழித்ததும் கையைப் பார்த்தேன். கோப்பையைப் பிடிக்கும்போது பார்த்தேன். நீ பதிலைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு மேலே படுத்தாய்.

திறக்கப் போகிறேன். இந்த முறை சம்மதம் கேட்கவில்லை.

ரிஷிகேசன்


லிங்கநகர்
28.03.2025

ஸப்வான்,

வாள் தேவைப்படவில்லை. ஈரத் துணியும் அம்மாவின் அயன்பெட்டியும் போதும். விளிம்பில் துணியை வைத்துச் சூடு காட்டினால் பின்பலகை மெதுவாகக் கையோடு வருகிறது. ஈரம் பட்ட இடத்தில் தேயிலை நிறம் போய்ப் பசை வெள்ளையாகத் திரும்புகிறது. நீ எழுதியதைச் சோதித்தேன். மன்னிக்கச் சொல்லவில்லை, சோதித்தேன் என்று சொல்கிறேன். ஐந்து கிட்டாரில் உன் வாக்குமூலம் சரி.

ஐந்தும் இப்போது பாயில் பரப்பிக் கிடக்கின்றன. முதிரை மரப் பக்கங்கள். மஹோகனிக் கழுத்துகள். ஒன்றும் உடையவில்லை. சூட்டுக்கு இளகாத பசையில் ஒட்டியிருந்தால் உடைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். பழுதான கிட்டாரை என்ன செய்வது என்றுதான் நீ நாலு யோசனை எழுதினாய். பதில் பாயில் கிடக்கிறது. இவற்றை மறுபடி ஒட்டலாம்.

ஏழாவது வேறு.

ஏழாவதில் பிரிட்ஜ் இருந்த இடத்தில் பசை விடவில்லை. பலகை விட்டிருக்கிறது. பிரிட்ஜின் அடியில் பலகையின் மேல்தோல் ஒட்டியபடியே இருக்கிறது. தந்தி கட்டிப் பத்து நாள்தானே, பசை வழுக அவ்வளவு நாள் காணாது. பலகையின் தடிப்புக்குக் காலிப்பர் வைத்தேன். ஒன்று தசம் எட்டு மில்லிமீற்றர். இரண்டு தசம் எட்டு இருந்திருக்க வேண்டும். மூன்று தரம் அளந்தேன்.

பிரிட்ஜ் ஒட்டுவதற்கு முதல் நாள் நீ வரவில்லை. சத்தம் இன்னும் கூட வரட்டும் என்று அந்த இடத்தை மறுபடி சீவினேன். உனக்குச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை.

மேடையில் நீ பொய் என்று நினைத்துச் சொன்னது உண்மை. அன்று நான் உன்னை மறுத்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. கவனித்தாயோ தெரியாது. எட்டு மாதமாக நான் தேடியதும் பிழையை இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அதைப் போட வேறு ஒரு ஆளைத் தேடினேன்.

ரீச்சருக்கு எழுதிவிட்டேன். செய்கிறேன் என்று. முந்திய ஏழும் பழுது என்றும் எழுதினேன். பசையின் கதையையும் சீவின கதையையும் எழுதினேன், பெயர் போடாமல். பக்கமும் கழுத்தும் பழசிலிருந்து, முன்பலகை புதிது, ஒவ்வொரு நாளும் அளந்த அளவைத் தாளில் எழுதி அனுப்புவேன் என்றேன். வேண்டாம் என்றால் அவர் சொல்லட்டும்.

பசை ஒரு போத்தல் வாங்கியிருக்கிறேன். மிருகம் இல்லை, கம்பனிக்கு எழுதிக் கேட்டேன், பதிலையும் வைத்திருக்கிறேன். இழுவைக்கு நிற்குமாம். மூடி உடைக்கவில்லை. நீ இருக்கும்போதுதான் உடைப்பேன். நான் சீவும்போது நீ பக்கத்தில் நில். நீ ஒட்டும்போது நான் நிற்கிறேன். உன்னை நான் இன்னும் நம்பவில்லை. என்னையும்.

பெருநாள் முடிந்து சனிக்கிழமை, பத்து மணி. நாலாவதின் துண்டுகளைக் கொண்டுவா.

ரிஷிகேசன்


கந்தளாய்
02.04.2025

ரிஷி,

தபால் சனிக்குள் வராது. பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன், பஸ் ஸ்ராண்டில் கேட்டு வாங்கு. பெருநாள் நல்லபடி முடிந்தது. உம்மா வட்டிலப்பம் தந்துவிடுகிறா, அம்மாவுக்கு. முட்டை போட்டது, அம்மா சாப்பிடுவாவா என்று நீயே பார்த்துக்கொள். ஒளித்துக் கொடுக்காதே.

ஏழாவதைப் பற்றி நீ எழுதியதை நான் நம்பவில்லை.

பெருநாள் முழுக்க அதைத்தான் யோசித்தேன். நான் ஒப்புக்கொண்ட உடனே உனக்கும் ஒரு குற்றம் கிடைக்கிறது. அதுவும் நான் மேடையில் சொன்ன அதே குற்றம். அளவு கூடச் சரியாக வருகிறது. எனக்குப் பாரம் குறையட்டும் என்று நீ கதை கட்டியிருக்கிறாய். நீ செய்யக்கூடியவன். கடிதத்தை மாமாவிடம் காட்டினேன். "நல்ல பெடியன்" என்றார். எனக்கு அது இன்னும் சந்தேகமாகப் போய்விட்டது.

ஏழாவதின் முன்பலகையைத் தொடாதே. சீவாதே, தேய்க்காதே, அந்த இடத்தில் விரல் கூட வைக்காதே. உன் காலிப்பரும் வேண்டாம். கடைக் காலிப்பரைக் கொண்டுவருகிறேன். சனி பத்து மணிக்கு நானே அளப்பேன்.

ஒன்று தசம் எட்டு இருந்தால், மேடையில் சொன்னதை மறுபடி சொல்வேன், இந்த முறை உன் முகத்தைப் பார்த்து. பிறகு சட்டையை மாட்டி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

ஒரு புள்ளி கூடுதலாக இருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன். இரக்கத்தில் சொன்ன பொய்யை உள்ளே வைத்து இன்னொரு கிட்டார் மூட என்னால் ஏலாது.

ஸப்வான்